சிறுபோகப் பங்கு

அந்த வருடம் மாரி மழை எங்களை ஏமாற்றிவிட்டது. தை பிறந்தபோதே குளம் அரைவாசிக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. மாரியில் விதைத்த காலபோக வயல்களுக்குக் கடைசித் தண்ணீர் விட்டு முடிந்ததும் அதுவும் இறங்கிப்போனது. பங்குனிக் கடைசியில், கோடை விதைப்பான சிறுபோகத்துக்குக் கூட்டம் வைத்தார்கள். மண்டபத்துக்குள் இடமில்லாமல் நான் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் கூடிக் குறைந்து, கடைசியில் எல்லாரும் எதிர்பார்த்த முடிவைத்தான் சொன்னார்கள். குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிற வயல்களுக்கு மட்டும் தண்ணீர். மற்றவர்களுக்குப் பங்கு.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அதற்கு அங்கால் உவர் வெளி, அதற்கும் அங்கால் கடலோரக் களப்பு. குளத்தில் திறந்துவிட்ட தண்ணீர் எங்களிடம் வந்து சேருவதற்குள் பாதியை மண் குடித்துவிடும். குளம் நிரம்பிய வருடங்களில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நிரம்பாத வருடத்தில் கடைசி வயல்காரர்களைத் தண்ணீர்க் கணக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள். ஆனால் குளம் எல்லாருக்கும் பொது என்பதால், கட்டுக்குக் கிட்டக் காணி வைத்திருப்பவர்கள் தங்கள் வயலில் ஒரு துண்டை அந்தக் கோடைக்கு மட்டும் எங்களுக்கு விட்டுத்தர வேண்டும். அதுதான் பங்கு. விரும்பிக் கொடுப்பவர் எவருமில்லை. வாங்குபவர்களிலும் பலர் அங்கே போய் மினக்கெடுவதில்லை. காணிக்காரரையே விதைக்கச் சொல்லிவிட்டு, அறுவடையில் ஏதாவது தந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

நானும் அப்படிச் செய்திருக்கலாம். கமக்கார அமைப்பின் தலைவர் அதைத்தான் எனக்குச் சொன்னார்.

"பிள்ளை, அது சரியான தூரம். நீர் தனிய. பேசாமல் அவையளிட்டையே விட்டிடும்."

"இல்லை, நான் போய்ச் செய்யிறன்" என்றேன். ஏன் என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

அம்மா முந்திய வருடம்தான் காலமாகியிருந்தார். அப்பா அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்தில் வந்து, காடு வெட்டி, அந்த வயலை உண்டாக்கியவர்கள் அவர்கள். எனக்குக் கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. சரிவந்திருக்க வேண்டிய வயதில் நாங்கள் சண்டைக்குத் தப்பி ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தோம். பிறகு அம்மா வருத்தத்தில் படுத்துவிட்டார். அவரும் போனபின் வீட்டுத் திட்டத்தில் கட்டிய அந்த இரண்டு அறைகளுக்குள் நான் மட்டும் மிஞ்சினேன். ஒரு சுண்டு அரிசி போட்டால் மத்தியானத்துக்கும் இரவுக்கும் காணும். கனடாவிலிருந்து அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"வேற என்ன?"

"வேற ஒண்டுமில்லை."

அவரும் பாவம். அங்கே பனிக்குள் நின்றுகொண்டு அதற்குமேல் என்னத்தைக் கேட்பது?

ஒருநாள் சந்திக் கடையில் சவர்க்காரம் கேட்க வாயைத் திறந்தபோது குரல் அடைத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் என்ன தடிமனோ என்று கேட்டார். ஓம் என்றேன். முந்திய நாளிலிருந்து யாரோடும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்பது வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் நினைவு வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பங்கு வந்ததும், தூரமென்றாலும் போவது என்று முடிவெடுத்தேன்.

சித்திரைப் புதுவருடம் கழிந்த கையோடு சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் றோட்டால் போனேன். வெயில் ஏறுவதற்கு முன் வெளிக்கிட்டும், போய்ச் சேர உடுப்பு நனைந்துவிட்டது. குளக்கட்டு தூரத்திலிருந்தே தெரியும். நேரான நீண்ட மேடு. அதன் அடிக்குப் போய்விட்டால் வானத்தில் பாதியை அது மறைத்துவிடும். அந்த மேட்டுக்குப் பின்னால் ஒரு குளம் நிற்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் திறந்துவிடுகிற துருசடியில் மட்டும் அதன் இரைச்சல் கேட்கும்.

எனக்குச் சொல்லப்பட்ட காணி வாய்க்காலின் முதலாவது மதகோடு இருந்தது. வயலின் மூலையில் ஒரு பெண் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். நீளச் சட்டை, தலையில் துவாய், கழுத்தில் கறுத்த நூலில் ஒரு சிலுவை. கையில் நைலோன் கயிறு.

"நீரோ பங்குக்கு வந்தது?"

"ஓம் அக்கா."

அவர் கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் தந்துவிட்டு, மற்ற நுனியோடு வயலின் எதிர்ப் பக்கத்துக்கு நடந்தார். கயிறு இழுபட்டதும் அங்கிருந்தே சொன்னார்.

"இதிலயிருந்து அங்கால உமக்கு. வரம்பை நீர்தான் கட்ட வேணும்."

அவ்வளவுதான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தன் பக்கத்துக்குப் போய்விட்டார். நான் வரம்பு கட்டினேன். சேற்றை அள்ளி அள்ளி வைக்க அது சரிந்துகொண்டே இருந்தது. அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் வரவில்லை எனக்கு. சொந்தக் காணியில் பாதியை முன்பின் தெரியாத ஒருத்தி வந்து வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனம் வரும்?

விதைத்து முளைத்த பிறகும் அப்படியே நடந்தது. காலையில் நான் போகும்போது அவர் வயலுக்குள் நிற்பார். மத்தியானம் அவர் கட்டோரமாக இருந்த தன் வீட்டுக்குப் போவார். நான் வாய்க்கால் கரையில் மருதமர நிழலில் இருந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுவேன். கதை இல்லை. ஆனால் வரம்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுவது கேட்கும். மண்வெட்டி சேற்றில் இறங்கும் சத்தம் கேட்கும். மயில் இறங்கினால் "ஊய்" என்று அவர் கத்துவது கேட்கும். பின்னேரம் திரும்பிச் சைக்கிள் மிதிக்கும்போது, அன்றைய நாளை யாரோடோ கழித்துவிட்டு வருவது போல இருக்கும்.

சாப்பிட்டுவிட்டுக் குளக்கட்டில் ஏறுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மேலே ஏறியதும் காற்று வந்து அடிக்கும். ஒரு பக்கம் பச்சையாகச் சிறு துண்டு வயல், அதற்கு அங்கால் காய்ந்த வெளி, கண் முடிகிற தூரம் வரைக்கும். மற்றப் பக்கம் குளம். பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றின் கொப்புகளில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக்கொண்டிருந்தன. நடுக் குளத்தில் ஒரு தோணி, அதில் வலை இழுக்கிற ஓர் ஆள். அவர் கரைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய இடத்தில் அவரும் நானும்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கு நான் நிற்பது தெரிந்திருக்கவும் மாட்டாது.

பயிர் சின்னதாக இருந்த நேரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சில நாட்கள் பாயில் கிடந்தேன். பக்கத்து வளவுக்காரர் கொழும்புக்குப் போய்ப் பல மாதம். மல்லி அவித்துக் குடிக்கவும் நானேதான் எழும்ப வேண்டியிருந்தது. அந்தக் கிழமை எங்கள் மதகுக்குத் தண்ணீர் முறை. அது வந்து போய்விட்டதென்பது படுக்கையிலேயே தெரியும். வயல் வெடித்துக் கிடக்கும் என்றுதான் எண்ணினேன்.

கால் தரித்து நிற்கத் தொடங்கியதும் பஸ்ஸில் போய் மிச்சத் தூரத்தை நடந்தேன். என் பக்கத்தில் தண்ணீர் நின்றது. பயிர் கழுத்து வரைக்கும் நனைந்து பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. நடு வரம்பில் ஓர் இடம் திறந்திருந்தது.

அக்கா நிமிராமல் சொன்னார். "நண்டு துளைச்சு வரம்பு உடைஞ்சு போச்சு. தண்ணி தானா உம்மட பக்கம் போட்டுது."

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு மண்வெட்டி அகலத்துக்கு இரண்டு பக்கமும் நேராகச் சீவி வெட்டப்பட்டிருந்தது.

"நல்ல நண்டு அக்கா" என்றேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியது வாயோரத்தில் தெரிந்தது.

"என்ன, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. காய்ச்சலோ?"

"ஓம். இப்ப விட்டிட்டுது."

"வேலையைப் பிறகு பாப்பம். வீட்டை வாரும். கஞ்சி கிடக்கு."

அவருடைய வீடும் என்னுடையதைப் போலவே இருந்தது. அதே இரண்டு அறைகள், அதே அளவு யன்னல்கள். சுவரில் மாதா படம், கீழே பிளாஸ்டிக் பூ. கதிரையில் என்னை இருத்திவிட்டுக் குசினிக்குள் போனார். கஞ்சியோடு மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். குளத்து ஜப்பான் மீன். முள்ளை எடுத்துக்கொண்டே, முல்லைத்தீவு இவ்வளவு கிட்ட இருக்கிறதே, கடல்மீன் வாங்குவதில்லையா என்று கேட்டேன். கதையை வளர்க்கத்தான் கேட்டேன்.

"நான் கடற்கரை ஆள்தான் பிள்ளை. கடல்மீன் வாயில வைச்சு இருவது வருசமாகுது."

துவாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"மார்கழியில, நத்தார் பெருநாளுக்கு அடுத்த நாள். நானும் மகளும் கோயிலுக்கு வெளிக்கிட்டிட்டம். அவருக்கு முதல் நாள் தொழில் களைப்பு, படுத்திட்டார். சின்னவனும் தகப்பனோட படுத்திட்டான். கடல் வந்து ரெண்டு பேரையும் கொண்டு போட்டுது. அவரைக் கண்டெடுத்தம். பிள்ளையைக் கண்டெடுக்கேல்லை." தட்டை என் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தார். "மீன் என்னத்தைத் தின்னுதெண்டு ஆருக்குத் தெரியும்? அதுதான் நான் சாப்பிடுறேல்லை. நீர் சாப்பிடும், இது குளத்து மீன்."

இந்தக் காணி அவருடைய தமையனுடையது. தமையன் இந்தப் பக்கத்தில் கலியாணம் கட்டி வயல் செய்துகொண்டிருந்தவர். கடலைப் பார்க்க முடியாமல் தங்கையும் மகளும் இங்கே வந்துவிட்டார்கள். வயல் வேலையை அந்த வயதில்தான் அவர் பழகியிருக்கிறார். பிறகு கடைசிச் சண்டை வந்து தமையன் குடும்பத்தையும் இல்லாமற் செய்துவிட்டது. மகள் கலியாணம் கட்டிப் பிரான்சுக்குப் போய்விட்டார். நான் கேட்காமலே இவ்வளவையும் சொன்னார். சொல்லி முடித்ததும், யாருக்கோ நேரம் சொன்னது போல எழும்பிப் போய்த் தட்டுக் கழுவினார்.

அந்தக் குளக்கட்டில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம். இத்தனை வருடத்தில் குளத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"அவ்வளவு தண்ணி பின்னால நிக்கேக்க எப்பிடியக்கா நித்திரை கொள்ளுறீங்கள்?"

"இதுக்குக் கட்டிருக்குத்தானே. கடலுக்குக் கட்டில்லை."

அன்றிலிருந்து நான் குளக்கட்டிலிருந்து இறங்கி வந்ததும் அவர் கேட்பார். "இண்டைக்கு எவ்வளவு நிக்குது?" நான் அடையாளம் வைத்துச் சொல்வேன். மொட்டைப் பாலைமரத்தின் அடி தெரிகிறது. துருசுக் கோபுரத்தில் பாசி இரண்டு படி இறங்கிவிட்டது. நடுவில் ஒரு மணல் திட்டி வெளியே வந்திருக்கிறது, மாடுகள் நடந்து போகின்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்பார். அவர் மனதுக்குள் ஒரு குளம் இருந்திருக்க வேண்டும். அதில் தண்ணீரை நான் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டிருந்தேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அன்று வெளி முழுவதும் ஆளில்லாமல் கிடந்தது. முதல் நாளே பஸ்ஸிலும், பெட்டி பூட்டிய சின்ன உழவு மெசினான லாண்ட்மாஸ்டரிலுமாகச் சனம் போய்விட்டது. நான் வழக்கம் போலச் சைக்கிளில் வந்து இறங்கினேன்.

"நீர் பொங்கலுக்குப் போகேல்லையோ?"

"ஆரோட போறது அக்கா? அம்மா இருக்கேக்க போனனான்."

"நாங்களும் சின்னனிலை போறனாங்கள். வேதக்காரரெண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை. கச்சான் கடலை வாங்கத்தான் போறது." அவர் தன் பக்கத்தைப் பார்த்தார், என் பக்கத்தைப் பார்த்தார். "உன்ர பக்கம்தான் கோரை கூட. வா, ரெண்டு பேருமா இழுப்பம்."

அவர் என்னை 'நீ' என்று சொன்னது அன்றுதான். வரம்பைக் கடந்து என் பக்கம் வந்து குனிந்தார். பின்னேரம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரே வரிசையில் கோரை பிடுங்கினோம். அந்தப் பெரிய வெளியில் வேறு ஒரு மனிதரும் இல்லை. சோழகக் காற்று மட்டும் பயிரை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் எனக்கு ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. கவலையில் வந்த அழுகை என்று சொல்லமாட்டேன்.

ஆடி மாதம் காற்றும் வெயிலும் சேர்ந்து குளத்தை உறிஞ்சின. பயிர் குடலைப் பருவம் தாண்டிக் கதிர் எட்டிப்பார்க்கிற நேரம். இன்னும் ஒரேயொரு முறைதான் தண்ணீர் விடலாம், அதற்குமேல் துருசால் வராது என்று அறிவித்தார்கள். துருசடியில் சனம் கூடிச் சண்டை பிடித்தது. எங்களுக்கு முந்தி உங்களுக்கோ என்று ஒருவரை ஒருவர் இழுத்தார்கள். நான் கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். அக்கா மதகடியில் நின்றார்.

"என்னவாம்?"

"நாளைக்கு விடியத் தருவினமாம். அதோட சரியாம். ரெண்டு பக்கத்துக்கும் காணாது அக்கா."

அவர் வயலைச் சுற்றி நடந்து பார்த்தார். அவர் பக்கம் மேடு. என் பக்கம் கொஞ்சம் பள்ளம். கொஞ்சத் தண்ணீர் வந்தால், மேட்டில் ஏறாமல் பள்ளத்தில்தான் நிற்கும். மதகோ அவர் பக்கத்தில். அவர் நினைத்தால் என் பக்கத்துக்கு ஒரு சொட்டு வரவிடாமல் தன் பக்கத்துக்குள்ளேயே மறித்து வைத்திருக்கலாம். காணி அவருடையது. யாரும் கேட்கமாட்டார்கள்.

"மண்வெட்டியை எடு" என்றார்.

நாங்கள் நடு வரம்பை வெட்டினோம். நான் கட்டிய வரம்பு. வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. அவர் அந்தத் தலையிலிருந்தும் நான் இந்தத் தலையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தோம். மறுநாள் விடிய வந்த தண்ணீர் மெல்லிசாக, ஒரு துணி விரிவது போலப் பரவியது. கையாலும் காலாலும் சேற்றில் வழி கீறி அதை ஓடவிட்டோம். மேட்டின் ஒரு மூலைக்கு அது ஏறவேயில்லை. ஏறாதென்பது அவருக்கு முதலே தெரியும். அந்த மூலை பிறகு வெளுத்துப் பதராகிப்போனது.

"போகட்டும். மயிலுக்கும் ஏதும் வேணும்தானே" என்றார்.

அறுவடைக்கு மெசின் பிடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெட்டி அடித்துத் தூற்றித் தருகிற அந்தப் பெரிய மெசினுக்குச் சனம் வைத்த பெயர் சுனாமி. வயலுக்குள் இறங்கினால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவதால் அப்படி ஒரு பெயர். நானும் யோசனையில்லாமல் அப்படிச் சொல்லி வந்தவள்தான். மெசின் சாரதி என் போனுக்கு எடுத்தபோது அக்கா பக்கத்தில் நின்றார். சத்தம் வெளியே கேட்டது.

"அக்கா, நாளைக்குக் காலமை சுனாமி வரும். வயலில நில்லுங்கோ."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சரி சரி என்று சொல்லி வைத்தேன். அக்கா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை" என்றார். "முதல் வருசம் ஆரோ வாசலில நிண்டு சுனாமி வருது எண்டு கத்த, நான் மகளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடினனான். றோட்டு வரைக்கும் ஓடினனான். பிறகு சிரிச்சினம். ஏனெண்டு தெரிஞ்ச உடன ஒருத்தரும் சிரிக்கேல்லை. இப்ப பழகீட்டுது."

மறுநாள் மெசின் வந்து, வரம்பில்லாத வயலை ஒரே வயலாக வெட்டிவிட்டுப் போனது. யாருடைய நெல் எது என்று பிரிக்க வழியில்லை. மூட்டைகளை இரண்டாக அடுக்கினோம். ஒரு மூட்டை மிஞ்சியது. அக்கா அதை என் பக்கம் உருட்டிவிட்டார். நான் திருப்பி உருட்டினேன். கடைசியில் மெசினோடு வந்தவர்கள் பொறுமை கெட்டு அதை எங்கோ ஓர் அடுக்கில் தூக்கிப் போட்டார்கள். எந்த அடுக்கென்று நாங்கள் பார்க்கவில்லை.

லாண்ட்மாஸ்டரில் என் மூட்டைகளை ஏற்றியதும் அவர் பெட்டியடிக்கு வந்து நின்றார்.

"சரி அப்ப."

"சரி அக்கா. வாறன்."

அதுதான் பிரிவு. காய்ச்சல் நாட்களைத் தவிர, நாலு மாதம் நாளும் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள்.

அந்த மாரி நல்ல மாரி. கார்த்திகை முடிவதற்குள் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. வான்கதவு திறந்த செய்தி கேட்டு ஊரெல்லாம் திரண்டு போனது. ஐஸ்கிறீம் வான் வந்து பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. பெடியள் தண்ணீரைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தார்கள். எல்லாருடைய முகத்திலும் சிரிப்பு. அடுத்த சிறுபோகத்துக்கு முழு வயலும் விதைக்கலாம் என்று, முன்பின் தெரியாதவர்களும் ஒருவரோடொருவர் கதைத்தார்கள். நானும் சந்தோசப்பட வேண்டியவள்தான். கோடையிலும் என் வயலுக்கு என் தண்ணீர் வரப்போகிறது. அப்படியென்றால் இனிப் பங்கு இல்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு, குளம் கொஞ்சம் குறைய நிரம்பியிருக்கலாம் என்று நினைத்தேன். விவசாயி மகள் நினைக்கக் கூடாத நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டத்திலிருந்து விலகிக் கட்டால் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது. கோயிலுக்குப் போயிருப்பார். படியில் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு இரண்டு மூன்று தடவை போனேன். கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். விதைப்பு எப்படி, உரம் கிடைத்ததா, மகள் என்ன சொல்கிறார் என்று கேட்டு முடிந்ததும் இருவருக்கும் கதை தீர்ந்துவிடும். வயலில் நாங்கள் மணிக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள். அங்கே அது பாரமாக இருக்கவில்லை. கையில் வேலை இருந்தது. வீட்டுக்குள் கதிரையில் எதிரெதிரே இருந்து அப்படிப் பேசாமல் இருக்க முடியவில்லை. யன்னலைப் பார்ப்போம். நான் எழும்புவேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருமன்" என்பார். மறுபடி 'நீர்' வந்துவிட்டிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் குத்தியது.

ஒரு பின்னேரம் அவரே போன் எடுத்தார். மகள் கூப்பிடுகிறார், விசா வந்துவிட்டது, காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன் என்றார்.

"போறதுக்கு விருப்பமோ அக்கா?"

"பேரப்பிள்ளையள் ரெண்டு இருக்கு. போனிலதான் கண்டிருக்கிறன். இஞ்ச தனிய விழுந்து கிடந்தா ஆருக்குத் தெரியப்போகுது? நீரும் யோசியும். கனடாவில இருக்கிற கொண்ணரிட்டைக் கேட்டுப் பாரும்."

"பாப்பம்" என்றேன்.

அவர் வெளிக்கிட்ட அன்று நான் போகவில்லை. எங்கள் வாய்க்காலுக்கு அன்று தண்ணீர் முறை. காலையில் மதகைத் திறந்துவிட்டு வரம்பில் நடந்தபோது, குளம் இருக்கிற விசுவமடுப் பக்கமிருந்து ஒரு வான் தூசியைக் கிளப்பிக்கொண்டு பெரிய றோட்டால் போவது தூரத்தில் தெரிந்தது. அது அவருடையதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அது மறையும் வரைக்கும் நின்றேன். பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு தடவை போன் எடுத்தார். சரியான குளிர் என்றார். பிறகு புதுவருடத்துக்கும் நத்தாருக்கும் படங்கள் மட்டும் வருகின்றன. நானும் திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இங்கேதான் இருக்கிறேன். வயலும் செய்கிறேன். என் வயலுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். எடுத்திருப்பவர் பெரிய அளவில் செய்கிறவர். உழவன்று வருவார், விதைப்பன்று வருவார், அறுவடையன்று வருவார். மருந்தடிக்க இப்போது ட்ரோன் அனுப்புகிறார். போன கிழமை களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அது இரைந்துகொண்டு வந்தது. தூரத்தில் றோட்டில், குடைக்குக் கீழ் கதிரை போட்டு இருந்து ஓர் இளைஞன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கையை உயர்த்தினேன். விலகச் சொல்லி அவனும் கையைக் காட்டினான். நான் பிடுங்கிய களையை அள்ளிக்கொண்டு வரம்பில் ஏறி, மருந்து காற்றோடு வராத பக்கமாகப் போய் நின்றேன்.